நீள்கலைச்சொல்லின் அசைப்பிரிப்பும் ஒலிப்பும்: ‘ஓட்டோரைனோலாரிங்காலஜி’

முன்னுரை

காது, மூக்கு, தொண்டை ஆகியவற்றின் நோய்களை ஆராயும் மருத்துவத்துறை ஆங்கிலத்தில் ‘ஓட்டோரைனோலாரிங்காலஜி’ எனப்படுகிறது. இச்சொல்லைத் தமிழ் எழுத்தில் படிப்போர் இடையில் தடுமாறுவர். சொல்லின் நீளம் மட்டுமே இதற்குக் காரணமன்று. பொருளுக்காகப் பிரிக்கும் இடமும் ஒலிப்புக்காகப் பிரிக்கும் இடமும் வேறுபடுவதே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லுறுப்பும் ஒலியசையும்

கிரேக்க வேர்களால் அமைந்த இச்சொல்லில் காது, மூக்கு, குரல்வளை, இயல் என்னும் பொருள்தரும் நான்கு உறுப்புகள் உள்ளன. ஒலிப்பிலோ ஓ-டோ-ரை-னோ-ல-ரிங்-கா-ல-ஜி என 9 அசைகள் உள்ளன. முதன்மை அழுத்தம் ஏழாம் அசையாகிய ‘கா’வின்மேல் விழுகிறது. ‘பயாலஜி’, ‘கார்டியாலஜி’ போன்ற சொற்களிலும் ‘லஜி’க்கு முந்தைய அசையே அழுத்தம் பெறுகிறது. மூன்றாம் உறுப்பையும் நான்காம் உறுப்பையும் இணைக்கும் உயிரே இங்கு அழுத்தம் பெறுவதால், ‘லாரிங்கோ’, ‘லஜி’ என உறுப்புவாரியாக ஒலித்தால் சொல்லின் இயல்பான ஒலிப்புச் சிதைகிறது.

தமிழ் வரிவடிவில் நேரும் மாற்றங்கள்

உயிரிடைத் தனி டகரம் தமிழில் மெலிந்து ஒலிக்கும். வல்லொலியைக் காட்ட ‘ஓட்டோ’ என இரட்டித்து எழுதுவதால், மூலத்தில் உயிரில் முடிந்த முதலசை ‘ஓட்’ என ஒற்றில் முடிகிறது. மாறாக, ‘ங்க’ என்னும் இனவெழுத்துச் சேர்க்கை மூலவொலியை மாற்றமின்றித் தருகிறது.

சொல்லிடை ஐகாரம் ஒரு மாத்திரையாகக் குறுகும் என்பது தமிழ் மரபு. மூலத்திலுள்ள ‘ரை’ குறுகாது ஒலிக்க வேண்டியது. இச்சொல்லை யாப்பு முறைப்படி ஓட்/டோ/ரைனோ/லா/ரிங்/கா/லஜி என அலகிட்டால், குறுகிய ஐகாரம் ‘ரைனோ’வை நிரையசையாக்குகிறது; ‘லஜி’யும் நிரையசையாகிறது. ஆகவே மொழியியல் கணக்கில் 9 ஆன அசைகள் யாப்பில் 7 ஆகின்றன. அசைப்பிரிப்பைக் கற்பிப்போர் எந்தக் கணக்கைக் கொள்கின்றனர் என்பதை முதலில் தெளிவுபடுத்துதல் இன்றியமையாதது.

இடைக்கோடிட்டு எழுதுதல்

‘ஓட்டோ-ரைனோ-லாரிங்காலஜி’ என இரண்டு இடங்களில் இடைக்கோடிட்டால் ‘ரை’ உறுப்பின் முதலில் நின்று குறுகாது ஒலிக்கும். அழுத்தம் விழும் மூன்றாம் சந்தியைப் பிரிக்காது விடுவதே பொருத்தம். ரகர லகரங்கள் மொழிமுதலாகா என்னும் தொல்காப்பிய நெறி பற்றி ‘இரைனோ’ என எழுதினால் அசை ஒன்று கூடும். ஐகாரமும் மீண்டும் இடையில் நின்று குறுகும். எனவே ஒலிப்பு வழிகாட்டியில் மட்டுமேனும் இந்நெறியைத் தளர்த்துவது தேவையாகிறது.

முடிவுரை

‘காது மூக்கு தொண்டை மருத்துவம்’ என்னும் தமிழ் வழக்கில் 10 ஒலியசைகள் உள்ளன. அது மூலத்தினும் ஓரசை நீண்டது. ‘குரல்வளை’யினும் ‘தொண்டை’ பரந்த பொருளது எனினும், பொருள் முடியுமிடத்தில் சொல்லும் அசையும் ஒருங்கே முடிவதால் இத்தொடரை எவரும் தடையின்றிப் படிக்கின்றனர். ஆகவே கலைச்சொல் ஆக்கத்தில் சொல்லின் நீளத்தைக் குறைப்பதைவிடப் பொருளெல்லையும் ஒலியெல்லையும் ஒன்றுபடச் செய்வதே முதற்கண் கருதத்தக்கது.