தமிழில் வலைப்பக்கம் அமைத்தல்: தொடக்க நிலையினர்க்குச் சில விளக்கங்கள்

வலைப்பக்கம் அமைத்தல் என்றவுடன் மாணவர் பலர்க்கு நிறமும் படமும் அசைவுமே நினைவுக்கு வருகின்றன. ஆயத்த வார்ப்புரு ஒன்றைத் தெரிவு செய்து, அதிலுள்ள ஆங்கிலச் சொற்களை அகற்றித் தமிழை இட்டுவிட்டால் பணி முடிந்தது என்று அவர்கள் எண்ணுகின்றனர். பின்னர்ப் பொத்தானுக்குள் சொல் அடங்குவதில்லை. ஒரு வரியின் கீழ்விலங்கு அடுத்த வரியின் மேல்விலங்கோடு மோதுகிறது. தேடுபொறியில் தேடினால் பக்கம் அகப்படுவதில்லை. தமிழ் கணினிக்கு ஒத்துவராத மொழி என்னும் தவறான முடிவுக்குச் சிலர் வந்துவிடுவதும் உண்டு. பக்கம் எவ்வாறு உருவாகிறது என்பதை அடியிலிருந்து அறிந்துகொண்டால் இக்குறைகளுள் பெரும்பாலானவை தோன்றவே மாட்டா. அவ்வடிப்படையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குக் கணினி அறிவியல் பயின்றிருக்க வேண்டியதில்லை. தமிழைப் பிழையின்றித் தட்டச்சு செய்யத் தெரிந்திருந்தால் போதும்.

உலாவியில் நாம் காணும் பக்கம் உண்மையில் ஓர் எளிய உரைக் கோப்பாகும். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் நோட்பேட் போன்ற எழுதுபலகையிலேயே அதனை எழுதிவிடலாம். செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, ஆய்வாளர்களின் ஆவணங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் வழியாக 1989இல் இம்முறையை முன்மொழிந்தார். 1991இல் அது வெளியுலகுக்குத் திறந்துவிடப்பட்டது. அவர் வகுத்த எச்.டி.எம்.எல். என்பது கணக்கிடும் நிரல்மொழியன்று, குறியிடும் மொழி. மாணவரின் கட்டுரைத் தாளில் ஆசிரியர் சிவப்பு மையால் ‘இது தலைப்பு’, ‘இங்குப் புதிய பத்தி’ என்று ஓரத்தில் குறிப்பார் அல்லவா? அதே வேலையைத்தான் கோணக் குறிகளுக்குள் இடப்படும் சிறு பெயர்கள் செய்கின்றன. முதன்மைத் தலைப்புக்கு எச்1, துணைத்தலைப்புக்கு எச்2, பத்திக்குப் பி, இணைப்புக்கு ஏ, படத்துக்கு ஐஎம்ஜி. ஒரு தமிழ்ப்பள்ளியின் எளிய அறிவிப்புப் பக்கத்துக்கு இத்தகைய குறிகள் பதினைந்துக்கு மேல் தேவைப்படா. பெரும்பாலானவை இணையாக வரும். பத்தியின் முன்னே தொடக்கக்குறி, பின்னே சாய்கோடு சேர்ந்த முடிவுக்குறி. முடிவுக்குறியை மறந்தாலும் உலாவி குறை கூறாது. தானே ஊகித்து எதையோ காட்டிவிடும். இந்தப் பெருந்தன்மை பயில்வோர்க்கு நன்மையா என்பது ஐயமே.

முதற்பயிற்சியாகத் தலைமையாசிரியர் பெற்றோர்க்கு அனுப்பும் சுற்றறிக்கை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கணினியைத் தொடுமுன், அச்சிட்ட தாளில் தலைப்பு எது, துணைத்தலைப்பு எது, பட்டியல் எது, நாளும் இடமும் எங்கே உள்ளன என்று மாணவர் பென்சிலால் குறிக்கட்டும். அக்குறிப்புகளைக் கோணக் குறிகளாக மாற்றினால் பக்கம் எழுதப்பட்டுவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் தலைப்பாகிவிடும் என்று சிலர் கருதுவர். கண்ணுக்கு அது தலைப்பாகத் தோன்றலாம்; தேடுபொறிக்கும் திரைபடிப்பானுக்கும் அது வெறும் பத்தியே. எனவே அமைப்பை முதலில் குறித்துவிட்டு, தோற்றத்தைப் பின்னர்த் தனியே எழுதுவது நலம். தோற்றத்துக்கென உள்ள சி.எஸ்.எஸ். என்னும் மொழியை ஹோகோன் வியும் லீ 1994இல் முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் அது தரமாக ஏற்கப்பட்டது. நிறம், எழுத்தளவு, இடைவெளி யாவும் அதில் அடங்கும். மூன்றாவதாகிய ஜாவாஸ்கிரிப்டைத் தொடக்க நிலையினர் சில மாதங்களுக்கு மறந்துவிடலாம்.

எழுத்து எண்ணாகும் விதம்

தமிழில் பக்கம் எழுதுவோர் ஆங்கிலப் பாடநூல்கள் ஒரே வரியில் கடந்துவிடும் ஒரு செய்தியில் நெடுநேரம் நிற்க வேண்டும். கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்னும் உடன்பாடே குறியேற்றம் எனப்படுகிறது. தமிழிணையத்தின் தொடக்க வரலாறு, பெரும்பாலும் இவ்வுடன்பாட்டைத் தேடிய வரலாறுதான்.

1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் அந்நாட்டுக் கவிதைகள் நான்கு மொழிகளில் வலையேறியபோது தமிழும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. அவரே 1997இல் அங்குத் தமிழிணையம் பற்றிய முதல் மாநாட்டையும் கூட்டினார். கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியிருந்தார். பின்னர் முரசு அஞ்சல் வழியாக மலேசியத் தமிழர் பலர் மின்னஞ்சலில் தமிழ் எழுதப் பழகினர். சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கினார். ஆயினும் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் எண் வரிசையை வைத்திருந்தது. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழெழுத்தின் வடிவத்தை வரைந்து வைப்பதே அக்கால உத்தி. அவ்வுத்தியில் அமைந்த பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று எழுதினால், கணினியில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே. எழுத்துரு இருக்கும் கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் பொருளற்ற குறிக்கூட்டம்.

இக்குழப்பத்தைத் தீர்க்கவே மின்னஞ்சல் குழுவில் நடந்த நெடிய விவாதங்களின் பயனாகத் திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றம் உருவானது. 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு டாம், டாப் ஆகியவற்றையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. 2000இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றி, 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. இன்று நாம் பயன்படுத்தும் ஒருங்குறியில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம் இருந்தபோதிலும், அது கைக்கு வர நாளாயிற்று. லதா எழுத்துருவுடன் வந்த விண்டோஸ் 2000இல்தான் பலர் அதனை முதன்முதலில் கண்டனர். ஆப்பிள் கருவிகளில் இன்றும் காணப்படும் ‘தமிழ் சங்கம் எம்என்’ எழுத்துருவின் பெயரிலுள்ள ஈரெழுத்து முத்து நெடுமாறனின் முதலெழுத்துகள் என்பதை மாணவர்க்குச் சொல்லலாம். கோலாலம்பூரில் பிறந்த எழுத்து அவர்கள் கைப்பேசிக்குள் இருக்கிறது.

இவ்வரலாற்றில் இழப்பும் உண்டு. திஸ்கியில் வெளிவந்த மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள், குறியேற்ற அட்டவணை பொதுவெளியில் இருந்ததால், பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. 1998இல் தொடங்கிய அத்திட்டத்தின் நூல்களை இன்றும் படிக்கிறோம். தனியார் எழுத்துருக்களில் எழுதப்பட்ட பக்கங்கள் பலவற்றுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. எழுத்துரு மறைந்தது, எழுத்தும் மறைந்தது. அச்சகங்களிலும் பழைய கணினிகளிலும் அத்தகைய எழுத்துருக்கள் இன்னும் வாழ்கின்றன. ஆண்டு மலருக்காகத் தட்டச்சு செய்த கட்டுரையை அப்படியே நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டினால் குறிக்கூட்டமே தெரிவதற்கு இதுவே காரணம். அதனை மாற்றுச் செயலியால் ஒருங்குறியாக்கிய பின்னரே இட வேண்டும். கோப்பின் தலைப்பகுதியில் யு.டி.எப்-8 என்னும் குறியேற்றப் பெயரை அறிவிக்கும் வரியை எழுதுவதும், கோப்பைச் சேமிக்கும்போது அதே குறியேற்றத்தைத் தெரிவு செய்வதும் முதல்நாள் பாடமாக அமைய வேண்டும்.

ஒருங்குறி வந்தபின்னும் தமிழாசிரியரின் கண் தேவைப்படுகிறது. நாம் எழுத்தெண்ணும் முறையும் கணினி எண்ணும் முறையும் வேறு. ‘கிருஷ்ணமூர்த்தி’ என்பதில் நம் கணக்குப்படி எட்டு எழுத்துகள். கணினிக்கோ மெய்யின் உருவம், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனி, ஆகவே பதினைந்து. பெயர்ப்பதிவுப் படிவத்தில் பத்து எழுத்தே ஏற்கப்படும் என்று ஆங்கிலப் பெயரை எண்ணி வரம்பிட்டால், அப்பெயர் ‘கிருஷ்ணமூர’ என்பதோடு நின்றுவிடும். மற்றொன்று ஔகாரம். ஔ என்பது ஒரே குறி. அதனை ஒ, ள என இரண்டாகத் தட்டினாலும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். ஆனால் ஔவையாரைத் தேடும் மாணவர்க்கு ‘ஒளவையார்’ என்று தட்டச்சு செய்த பக்கம் கிடைக்காமற் போகலாம். கால் இட வேண்டிய இடத்தில் ரகரத்தை இடுவதும் இவ்வகைப் பிழையே. அச்சில் மன்னிக்கப்படும் இப்பிழைகள் வலையில் பக்கத்தையே மறைத்துவிடுகின்றன.

தோற்றம்

சி.எஸ்.எஸ். பற்றிய ஆங்கில நூல்களின் அளவுகளைத் தமிழுக்கு அப்படியே கொள்ளுதல் ஆகாது. கி, கீ முதலியவற்றின் விலங்கு மேலே எழுகிறது. கு, கூ போன்றவை கீழே இறங்குகின்றன. எனவே வரி உயரத்தை எழுத்தளவின் 1.6 அல்லது 1.7 மடங்காக வைத்தல் நன்று. சாய்வெழுத்து தமிழ் மரபில் இல்லை; உலாவி எழுத்தைத் தள்ளிச் சாய்த்துக் காட்டும், அவ்வளவே. சிறிய அளவில் தடித்த எழுத்தை இட்டால் ணகரத்தின் சுழிகள் அடைபட்டுவிடும். ‘கொண்டாடப்படவிருக்கின்றது’ போன்ற நீண்ட சொற்கள் கைப்பேசியின் குறுகிய திரையில் நடுவே முறியாது. ஆதலால் இருபுறமும் சீராக்கிய பத்தியில் சொற்களுக்கிடையே பள்ளங்கள் தோன்றும். இடப்புறம் மட்டும் சீராக்குவதே கண்ணுக்கு இதமானது. பொத்தான்களுக்கு அகலத்தை எண்ணால் வரையறுக்காமல், உள்ளிருக்கும் சொல்லுக்கேற்ப விரிய விடுதல் வேண்டும்.

படமாகிவிட்ட தமிழ்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் தமிழ்ப் பலகைகளைக் காண்கிறோம். பண்டிகைக் காலத்தில் பதாகைகளும் பெருகுகின்றன. அப்பழக்கமே இணையத்துக்கும் வந்துவிட்டது. பதாகை போன்ற வண்ணப் படம் ஒன்றை வரைந்து, அதனுள் நாள், நேரம், இடம், தொடர்பு எண் எல்லாவற்றையும் எழுதி, அப்படத்தையே பக்கம் என்று வெளியிடுகிறோம். பகிர்வதற்கு அது எளிது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் படத்துக்குள் இருக்கும் தமிழைப் பக்கத்தின் உரையாகத் தேட இயலாது, நகலெடுக்க இயலாது, கைப்பேசியில் பெரிதாக்கினால் பாதி திரைக்கு வெளியே போய்விடும். இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு.

பிரிக்பீல்ட்சில்தான் 1951இல் நிறுவப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் உள்ளது. கைத்தடியால் வழியறிய அவ்வட்டார நடைபாதைகளில் புடைப்புக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. பார்வையற்றோர் கணினியைத் திரைபடிப்பான் என்னும் மென்பொருளால் செவிவழிப் பயன்படுத்துகின்றனர். என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. அதனுடன் வரும் இஸ்பீக் பேச்சொலிப்பான் தமிழையும் ஒலிக்கும். ஒலி சற்று இயந்திரத்தனமாக இருப்பினும் பொருள் விளங்கும். ஆனால் அது ஒலிப்பதற்கு எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும். படமாக வந்த அறிவிப்பை எதிர்கொள்ளும்போது அது பெரும்பாலும் ‘படம்’ என்றோ கோப்பின் பெயரையோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். பார்வையற்ற தந்தை ஒருவர் தம் பிள்ளையின் பள்ளி நிகழ்வு எந்நாள் என்பதைப் பிறரைக் கேட்டே அறிய வேண்டியிருக்கும்.

இதற்கு வேண்டிய உழைப்பு மிகச் சிறிது. படத்தை இடுவதானால் அதன் குறிக்குள் மாற்றுரை எழுத இடமுண்டு. ‘பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடும் மாணவர்கள்’ என்று அங்கு ஒரு தொடர் எழுதினால் போதும். செய்தி படத்துக்குள் இருப்பின் அச்செய்தி முழுவதையும் பத்தியாகவும் எழுதிவிட வேண்டும். தலைப்புகளை எச்1, எச்2 எனக் குறித்திருந்தால், திரைபடிப்பானில் ஒரே விசையால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். முன்னர் அமைப்பை வலியுறுத்தியதன் பயன் இங்கே புலப்படும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிறவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது வலைக்கூட்டமைப்பின் வழிகாட்டி. மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து எழுதுவோர் இதனை நினைவிற்கொள்வாராக.

நம் நாட்டுப் பக்கங்களில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒன்றாக வருவது இயல்பு. பக்கத்தின் முதற்குறியில் மொழியின் பெயரை ஈரெழுத்துச் சுருக்கத்தால் அறிவிக்கலாம்: தமிழுக்கு டி, ஏ, மலாய்க்கு எம், எஸ், ஆங்கிலத்துக்கு ஈ, என். இடையில் மலாய்ப் பத்தி ஒன்று வந்தால் அப்பத்தியின் குறியில் அதன் மொழியைத் தனியே குறிக்க வேண்டும். அவ்வாறு குறித்தால், அம்மொழிக்குரிய குரல் கணினியில் இருக்குமாயின், திரைபடிப்பான் குரலை மாற்றிக்கொண்டு படிக்கும். குறிக்காவிடில் மலாய்ச் சொற்களை அது தவறாக ஒலிக்கக்கூடும். கேட்பவர்க்கு எதுவும் விளங்காது.

பக்கத்தை வெளியிடக் கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடங்கள் உள்ளன. ஆயினும் இலவச இடம் நிலையான இடமன்று. ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது அதிலிருந்த எண்ணற்ற தனியார் பக்கங்கள் ஒருசேர இறங்கின. எனவே மூலக்கோப்புகளின் படி ஒன்றைப் பள்ளியிலேயே வைத்திருத்தல் வேண்டும்.

வெளியிடுமுன் மாணவர் நான்கு சோதனைகளைத் தாமே செய்து பார்க்கலாம். பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டுக, தமிழாகவே வருகிறதா? உலாவியில் எழுத்தை இருமடங்கு பெரிதாக்குக, ஏதேனும் வெட்டுப்படுகிறதா? வீட்டிலுள்ள மிகப் பழைய கைப்பேசியில் திறந்து பார்க்க. இறுதியாகத் திரையை அணைத்துவிட்டு, என்.வி.டி.ஏ.வை இயக்கி, நிகழ்ச்சி நடைபெறும் நாளையும் இடத்தையும் செவியால் மட்டும் கண்டுபிடிக்குமாறு மற்றொரு மாணவரிடம் சொல்க. அவர் எவ்விடத்தில் தடுமாறுகிறார் என்பதைக் குறித்துக்கொண்டு அப்பகுதியைத் திருத்தி எழுதுவதே இரண்டாம் வாரப் பாடம்.