புதிய பூச்சிக்குப் பெயரிடுவது எங்ஙனம்?

மலேசியக் காட்டில் புதிய பூச்சியினம் கண்டுபிடிக்கப்பட்டது என்பது போன்ற செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வெளிவருகின்றது. அந்தப் பூச்சி உண்மையிலேயே புதியதா? அன்று. மனிதன் அக்காட்டில் கால் வைப்பதற்கு முன்பே அது அங்கு வாழ்ந்திருக்கும். காட்டோரத்தில் குடியிருப்போர் அதனைப் பலமுறை கண்டிருக்கவும் கூடும். ஏதேனும் ஓர் அரும்பொருளகத்தின் இழுப்பறையில் பெயரின்றிப் பல்லாண்டு கிடந்திருக்கவும் கூடும். ஆகவே, புதியது பூச்சியன்று. அதனைப் பற்றிய அறிவே புதியது. ஒன்றைக் காண்பது வேறு; இன்னது என்று அறிவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே நிகழும் பணி யாது, அப்பணியில் பிழை நேர்ந்தால் விளையும் கேடு யாது என்பன அறியத்தக்கவை.

பெயரில்லாதவை எத்தனை?

ஆறு கால்களை உடைய பூச்சி, எட்டுக் கால்களை உடைய சிலந்தி, தேள், பல கால்களை உடைய பூரான், மரவட்டை, ஓடுடைய நண்டு, இறால் ஆகிய யாவும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருந்தொகுதியைச் சேர்ந்தவை. கணுக்கணுவாக மடங்கும் கால்களும், உடலின் வெளிப்புறத்தே அமைந்த கெட்டியான கூடும் இவற்றின் பொது இலக்கணம்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பகுத்து, சிதலையும் எறும்பையும் மூவறிவு உயிர்களாகவும், நண்டையும் தும்பியையும் நாலறிவு உயிர்களாகவும் கூறுவதைத் தமிழாசிரியர் அறிவர். அது புலன்களை அளவுகோலாகக் கொண்ட பகுப்பு. இன்றைய விலங்கியலின் அளவுகோல் வேறு. எந்த உயிர் எந்த உயிரோடு முன்னோரைப் பகிர்ந்துகொண்டுள்ளது என்னும் உறவுமுறையே அதற்கு அடிப்படை. உறவில் மிக நெருங்கிய இனங்கள் சேர்ந்து பேரினம் ஆகும். பேரினங்கள் சேர்ந்து குடும்பம் ஆகும். குடும்பங்கள் சேர்ந்து வரிசை ஆகும். இவ்வாறே வகுப்பு, தொகுதி என்று அது விரியும்.

பூச்சிகளுள் இதுவரை பெயர் பெற்ற இனங்கள் ஏறத்தாழ 10 லட்சம். பெயர் பெறாதவற்றையும் கூட்டினால் மொத்தம் 55 லட்சம் இருக்கலாம் என்று 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மதிப்பீடு கூறுகின்றது. ஐந்து இனங்களுள் நான்குக்கு இன்னும் பெயரில்லை என்பதே இதன் பொருள்.

இந்த வளத்தின் அளவைச் சிங்கப்பூரிலேயே காணலாம். 1854ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரசல் வாலஸ் என்னும் ஆங்கில இயற்கை அறிஞர் புக்கித் தீமாவில் தங்கி, இரண்டு மாத காலத்தில் ஏறத்தாழ 700 வகை வண்டுகளைச் சேர்த்தார். அவற்றுள் நீண்ட உணர்கொம்புகளை உடைய வண்டுகள் மட்டும் 130 வகை. பெரும்பாலானவை ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டுப் பகுதியில் கிடைத்தவை. பிடித்தவர் வாலஸ்; ஆயினும் அவர் இந்தத் தீவுகளில் சேர்த்த நீள்கொம்பு வண்டுகள் பலவற்றை ஆராய்ந்து, விவரித்து, பெயரிட்டவர் பிரான்சிஸ் பாஸ்கோ என்பவர். அவருடைய ஆய்வு 1864 முதல் 1869 வரை பகுதி பகுதியாக இலண்டனில் வெளிவந்தது. பிடித்தவர் ஒருவர், பெயரிட்டவர் வேறொருவர் என்பது இத்துறையில் அன்றும் இன்றும் இயல்பே.

மூலப்படி

ஒரு பூச்சி கைக்குக் கிடைத்ததும் எழும் முதற்கேள்வி, இது முன்பே பெயர் பெற்றதா என்பது. இதற்கு விடை காண்பது எளிதன்று. அந்தப் பேரினத்தைப் பற்றி இரண்டரை நூற்றாண்டுகளாக இலத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு முதலிய மொழிகளில் வந்த விவரணைகளைத் தேடிப் படிக்க வேண்டும். இலண்டன், பாரிஸ், லைடன் ஆகிய நகரங்களின் அரும்பொருளகங்களில் உள்ள பழைய பூச்சிகளோடு ஒப்பிட வேண்டும். புறத்தோற்றத்தில் வேறுபாடே தெரியாத இனங்கள் பல. ஆதலின், ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியின்கீழ் பிரித்தெடுத்து, அதன் வடிவத்தை வரைந்து ஒப்பிடுவது வழக்கம். இனத்துக்கு இனம் அவ்வடிவம் மாறுபடும். 2003ஆம் ஆண்டு முதல், மரபணுவின் ஒரு சிறு பகுதியைப் படித்து ஒப்பிடும் முறையும் துணைக்கு வந்துள்ளது.

இத்தனையும் செய்தபின், இது முன்பு அறியப்படாத இனம் என்று தெளிந்தால், கிடைத்த பூச்சிகளுள் ஒன்றைத் தேர்ந்து அதனையே அந்த இனத்தின் மூலப்படி என்று அறிவிக்க வேண்டும். பெயர் அந்த ஒரு பூச்சியோடு பிணைக்கப்படுகின்றது. பின்னாளில் விவரணையில் பிழை உண்டு என்று தெரிந்தாலும், ஓர் இனம் என்று கருதியது இரண்டாகப் பிரிந்தாலும், பழைய பெயர் எதற்கு உரியது என்று தீர்ப்பளிப்பது மூலப்படியே. சுவடிகளில் பாடவேறுபாடு தோன்றும்போது பதிப்பாசிரியர் பழைய மூல ஏட்டை நாடுவதை இதற்கு ஒப்பிடலாம். ஏடு செல்லரித்துப் போனால் ஐயம் தீராது. மூலப்படி அழிந்தாலும் அவ்வாறே. ஆகையால்தான் அதற்குச் சிவப்புச் சீட்டு இட்டு, பொது அரும்பொருளகம் ஒன்றில் தனியாகக் காக்கும் வழக்கம் ஏற்பட்டது.

சிலாங்கூரில் கிடைத்த சான்று

மூலப்படியின் இன்றியமையாமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று கோலாலம்பூருக்கு அருகிலேயே நடந்தது. 2011ஆம் ஆண்டில் குவெக் ஹோக் பிங் என்னும் புகைப்படக் கலைஞர், சிலாங்கூர் மாநிலப் பூங்காவில் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி ஒன்றைப் படமெடுத்தார். அதன் இறக்கையின் அடிப்பகுதியில் வலைபோன்ற கருங்கோடுகளும் நீலப் புள்ளிகளும் இருந்தன. படமெடுத்தபின் பூச்சி பறந்துவிட்டது. அவர் படங்களை இணையத்தில் வெளியிட்டார்.

அவற்றைத் தற்செயலாகக் கண்டவர் ஷோன் விண்டர்ட்டன் என்னும் பூச்சியியலார். அவர் கலிபோர்னியாவில் பணியாற்றி வந்தவர். அத்தகைய இறக்கைக் கோலம் அவர் அறிந்த எந்த இனத்துக்கும் இல்லை. உடன் ஆய்வோரைக் கேட்டார்; அவர்களுக்கும் தெரியவில்லை. புதிய இனம் என்று ஐயுற்றபோதிலும் அவரால் பெயரிட முடியவில்லை. கையில் பூச்சி இல்லை. பின்னர் குவெக் முன்பு படமெடுத்த இடத்திலேயே அதே வகைப் பூச்சி ஒன்றைப் பிடித்தார். அது இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்திற்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்த ஸ்டீபன் புரூக்ஸ் அது புதிய இனமே என்று உறுதி செய்தார். அம்மட்டோ! அந்த அரும்பொருளகத்தின் இழுப்பறையில், சபாவில் பிடிக்கப்பட்ட அதே இனப் பூச்சி ஒன்று பல்லாண்டுகளாக அடையாளம் தெரியாமல் இருந்ததையும் அவர் கண்டார். மூவரும் சேர்ந்து 2012ஆம் ஆண்டில் செமாகிரைசா ஜேட் என்னும் பெயரால் அதனை உலகுக்கு அறிவித்தனர். படம் கேள்வியை எழுப்பியது. பூச்சியே விடை தந்தது.

பெயரின் இலக்கணம்

விலங்கியற் பெயர் இரு சொற்களால் ஆனது. முன்னது பேரினத்தின் பெயர். பின்னது அப்பேரினத்துள் அந்த இனத்தைச் சுட்டும் பெயர். சொற்கள் எம்மொழியிலிருந்து வந்தாலும் இலத்தீன் வடிவமே பெரும்பாலும் தரப்படுகின்றது. இதில் தமிழாசிரியர்க்குச் சுவை தரும் செய்திகள் உண்டு. பத்துமலைக் குகைகளில் வாழும் சிலந்தி ஒன்றை 1923ஆம் ஆண்டில் ஏபிரகாம் என்பவர் லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்று பெயரிட்டு விவரித்தார். பெரும்பாலான சிலந்திகளின் வயிற்றில் தகடுகள் இல்லாதிருக்க, இதன் வயிற்றின் மேல் பழமையான தகடுகள் வரிசையாக உள்ளன. ‘என்சிஸ்’ என்னும் இறுதிநிலை ‘அவ்விடத்தது’ என்னும் பொருளது. பத்துமலைக்கு உரியது என்பதே அச்சிலந்தியின் பெயர். சபாவில் கிடைத்த நெடிய குச்சிப்பூச்சி ஒன்றை 2008ஆம் ஆண்டில் பிலிப் பிராக், போபெட்டிகஸ் சானி என்று பெயரிட்டார். சபாவின் இயற்கை ஆர்வலர் சான் சியூ லுன் என்பவரைச் சிறப்பிக்கும் பெயர் அது. ‘சானி’ என்பதன் இறுதி இகரம் இலத்தீனில் ஆறாம் வேற்றுமையின் வேலையைச் செய்கின்றது. ‘சானுடையது’ என்று பொருள். கால்களை நீட்டி அளந்தால் 56.7 சென்டிமீட்டர் இருந்த அது, விவரிக்கப்பட்ட காலத்தில் உலகின் மிக நீளமான பூச்சி என்று புகழ்பெற்றது.

மூத்த பெயரே செல்லும்

ஓர் இனத்துக்கு இருவர் வெவ்வேறு பெயர் சூட்டிவிட்டால் எது நிற்கும்? முன்னர் வெளியானதே நிற்கும் என்பது பொது விதி. விலங்குகளுக்கு இக்கணக்கு லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பிலிருந்து தொடங்குகின்றது.

இவ்விதி எவருடைய உழைப்புக்கும் இரங்குவதில்லை. தென்கிழக்காசியக் காடுகளில் டிரிலோபைட் வண்டு எனப்படும் விந்தையான உயிர் ஒன்று உண்டு. தட்டையான கவசமும் சிறிய தலையும் உடைய புழுவடிவம் அது. அதன் முதிர்ந்த வடிவம் யாது என்பது 19ஆம் நூற்றாண்டு முதலே தீராப் புதிராக இருந்தது. சரவாக் அரும்பொருளகத்தில் பணியாற்றிய சுவீடன் அறிஞர் எரிக் மியோபெர்க் அதனை ஆராய்ந்து, 1925ஆம் ஆண்டில் புதிரை விடுவித்தார். பெண் தன் வாழ்நாள் முழுவதும் புழுவடிவத்திலேயே இருக்கின்றது. ஆணோ இறக்கை முளைத்த மிகச் சிறிய வண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் ஓரினம் என்று ஒருபோதும் எண்ணார். மியோபெர்க் இப்பேரினத்துக்கு டுலிட்டிகோலா என்று பெயரிட்டார். ஆனால், மோரிஸ் பிக் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1921ஆம் ஆண்டிலேயே சூட்டியிருந்த பிளாட்டெரோட்ரிலஸ் என்னும் பெயர் மூத்தது. ஆதலின் இன்று அதுவே வழங்குகின்றது. பெயர் பரிசன்று, முகவரி. ஒரே வீட்டுக்கு இரண்டு முகவரி இருத்தல் ஆகாது என்பதே விதியின் நோக்கம்.

பிழையின் விலை

இவையெல்லாம் அறிஞர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுதல் தவறு. 1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் மரவள்ளிச் செடிகளை மாவுப்பூச்சி ஒன்று தாக்கியது. மரவள்ளி அங்கு கோடிக்கணக்கான ஏழை மக்களின் அன்றாட உணவு. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் 1942 முதல் 1945 வரை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அரிசிக்கு மாற்றாக உயிர்காத்ததும் இக்கிழங்கே என்பதை நினைத்தால், அந்த மக்களின் துயரம் விளங்கும்.

அம்மாவுப்பூச்சி அதுவரை பெயரில்லாதது. 1977ஆம் ஆண்டில்தான் பினகோக்கஸ் மனிஹோட்டி என்று அதற்குப் பெயரிடப்பட்டது. மரவள்ளியின் தாயகம் தென்னமெரிக்கா. ஆகவே மாவுப்பூச்சியும் அதனைத் தின்னும் இயற்கைப் பகைவரும் அங்கேயே இருக்க வேண்டும் என்று தேடினர். தென்னமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியின்மேல் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. தேடியது கிடைத்துவிட்டது என்றே நம்பினர். ஆனால் அதனைத் தாக்கும் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியின்மேல் பயன் தரவில்லை. நுணுகி ஆராய்ந்தபோது, அது மிக ஒத்த வேறோர் இனம் என்று தெரிந்தது. 1981ஆம் ஆண்டில் அதற்குப் பினகோக்கஸ் ஹெரனி என்று தனிப்பெயர் வழங்கப்பட்டது.

தேடல் திசை மாறியது. அதே 1981ஆம் ஆண்டில் பராகுவே நாட்டில் உண்மையான மனிஹோட்டி கிடைத்தது. அதனோடு, அதன் உடலுக்குள் முட்டையிடும் அனகைரஸ் லோபெசி என்னும் சிறு குளவியும் கிடைத்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே அக்குளவி நைஜீரியாவில் விடப்பட்டது; பின்னர் மரவள்ளி விளையும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பரப்பப்பட்டது. மாவுப்பூச்சி அடங்கியது. அப்பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசு பெற்றார். 2008ஆம் ஆண்டில் அதே பூச்சி தாய்லாந்தில் தோன்றியபோது, அது இன்னது என்று உடனே அறிய முடிந்தது. அடுத்த ஆண்டே ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி வரவழைக்கப்பட்டது. பெயர் சரியாக இருந்ததால் மருந்தும் சரியாகக் கிடைத்தது.

சிறு சீட்டு

பெயரில்லாத இனத்தை எந்தச் சட்டமும் காக்க இயலாது. காடு அழியும்போது அதனோடு அழிந்தது யாது என்று சொல்லவும் இயலாது. பெயரிடும் பணி சில வல்லுநர்க்கே உரியது. ஆயினும் அதற்கு வேண்டிய முதற்பொருளை எவரும் தரலாம். மாணவரை இயற்கை ஆராய்ச்சிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், பிடித்த பூச்சியைக் குத்தி வைப்பதோடு நில்லாமல், எந்த இடம், எந்த நாள், பிடித்தவர் யார் என்னும் மூன்றையும் சிறு சீட்டில் எழுதச் சொல்லுதல் நன்று. சீட்டில்லாத பூச்சி அழகுப்பொருளாக மட்டுமே பயன்படும். இலண்டன் இழுப்பறையில் கிடந்த பூச்சியைப் பிடித்தவர் அது புதிய இனம் என்று அறிந்திருக்கவில்லை. அது சபாவில் பிடிபட்டது என்னும் குறிப்பு மட்டும் உடன் இருந்தது. பல்லாண்டுக்குப்பின் அந்த இனம் சிலாங்கூரில் மட்டுமன்றி சபாவிலும் வாழ்வது என்று உலகம் அறிந்தது அக்குறிப்பினாலேதான்.