சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு டயட்டீஷியன் எதற்கு?

நாமக்கல், முட்டைக்குப் பேர்போன மாவட்டம். மோகனூரில் காவிரித் தண்ணீரில் கரும்பும் வாழையும் விளைகின்றன. சோற்றுக்குக் குறைவில்லாத வீட்டில் வயதுப் பெண் ஒருத்தி தட்டைத் தள்ளிவைத்து நாளுக்கு நாள் இளைத்துப்போனால், ‘வயித்துல புண்ணு இருக்கும்’, ‘கண்ணு பட்டிருக்கும்’ என்றுதான் பேச்சு போகும். உடலையும் மனத்தையும் சேர்த்துத் தாக்கும் உண்ணல் கோளாறாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

என்ன நோய் இது?

எடை ஆபத்தான அளவுக்குக் குறைந்த பிறகும் உணவைக் குறைத்துக்கொண்டே போவது அனோரெக்சியா. கட்டுப்பாடின்றிச் சாப்பிட்டுவிட்டு, வாந்தி, பேதி மாத்திரை, பட்டினி என்று ஈடுகட்டுவது புலிமியா. ஈடுகட்டாமல், அடிக்கடி அளவு மீறிச் சாப்பிட்டுக் குற்ற உணர்வில் தவிப்பது பின்ஜ் ஈட்டிங். ஆண்களுக்கும் இவை வரும். பருமனாக இருப்பவர்களுக்கும் வரும்.

இதை மேல்நாட்டு நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. 1995-இல் வெளியான சென்னை ஆய்வொன்றில், 210 மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடம் முழு நோயாக முற்றாத உண்ணல் சிக்கல்கள் தென்பட்டன. அதே ஆண்டு டெல்லி மருத்துவர்கள், சாப்பிட மறுத்து மெலிந்த ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். தங்கள் உடலைப் பற்றி அனோரெக்சியா நோயாளிகளுக்கு வழக்கமாக இருக்கும் திரிந்த எண்ணம் அந்தப் பெண்களிடம் இல்லை. ‘குண்டாயிடுவேன்னு பயமா இருக்கு’ என்று பிள்ளை சொன்னால்தான் நோய் என்று காத்திருந்தால், நம் ஊரில் பலரைத் தவறவிட்டுவிடுவோம்.

உணவே முதல் மருந்து

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-இல் ஆன்செல் கீஸ் 36 ஆண்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். உடலும் மனமும் நலமாக இருந்த அவர்களுக்கு ஆறு மாதம் அரைப்பட்டினி. எடையில் ஏறத்தாழ கால் பங்கு கரைந்தது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், சோர்வு, தனிமை நாட்டம் எல்லாம் வந்து சேர்ந்தன. சிலர் சமையல் புத்தகங்களைத் தேடித்தேடிப் படித்தார்கள். பட்டினியே மனத்தைக் குலைக்கும் என்று அந்தச் சோதனை காட்டியது. உடலுக்குச் சோறு போய்ச் சேராதவரை ஆலோசனை மட்டும் முழுப்பலன் தராது. உணவியல் நிபுணரான டயட்டீஷியன் தேவைப்படுவது இதனால்தான்.

அவர் என்ன செய்வார்?

முதலில் விசாரிப்பார். நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து இரவு வரை என்ன சாப்பிட்டாய், யாரோடு சாப்பிட்டாய், எதைக் கண்டால் பயம், எதை எப்போது விட்டாய் என்று குற்றம் சாட்டாமல் கேட்பார். பிறகு மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டி என்று நேரம் வகுப்பார். நீண்ட நேரம் வயிற்றைக் காயப்போட்டால் அடுத்த வேளை அளவு மீறிச் சாப்பிடத் தூண்டும் என்பதால், புலிமியாவுக்கும் இந்த ஒழுங்கு அடிப்படை.

விலையுயர்ந்த பவுடர் டப்பாக்கள் கட்டாயமில்லை. காலையில் இட்லி சாம்பாரோடு அவித்த முட்டை, பதினொரு மணிக்கு வாழைப்பழம், மதியம் சோறு, பருப்பு, பொரியல், தயிர், மாலையில் சுண்டல் என்று வீட்டுச் சமையலிலேயே திட்டம் போடலாம். ‘சோறு தின்னா தொப்பை போடும்’ என்று ஒதுக்கிய உணவுகளை ஒவ்வொன்றாகத் தட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவது அவருடைய பெரிய வேலை.

அளவு முக்கியம்

பல நாள் பட்டினி கிடந்தவருக்குப் பாசத்தில் திடீரென வயிறு முட்ட ஊட்டுவது உயிருக்கே ஆபத்து. மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் கூடும். ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் செல்களுக்குள் இழுக்கப்பட்டுச் சட்டென்று குறையும். இதயத் துடிப்பு தடுமாறும். அதனால் கடுமையாக மெலிந்தவருக்கு மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்து கண்காணிக்க, டயட்டீஷியன் உணவின் அளவைப் படிப்படியாகக் கூட்டுவார்.

தனி ஆளின் வேலையல்ல

அனோரெக்சியாவுக்கு உணவு ஆலோசனையை மட்டும் தனிச் சிகிச்சையாகத் தரக்கூடாது என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. மனநல மருத்துவர், உளவியலாளர், பொது மருத்துவர், டயட்டீஷியன், குடும்பம் என எல்லோரும் சேர வேண்டும். அந்த டயட்டீஷியன் யார் என்பதும் முக்கியம். உணவியல் நிபுணர்களையும் உள்ளடக்கி, மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கு நம் நாட்டில் 2021-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. எடை குறைப்பு விளம்பரத்தோடு ‘டயட் சார்ட்’ விற்பவர்களிடம் இந்தப் பிள்ளைகளை அழைத்துப்போனால் நோய் முற்றும். உணவியலில் முறையாகப் பட்டம் பெற்றவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, தொடர் வாந்தி, மாதவிடாய் நின்றுபோதல் இருந்தால் தாமதிக்க வேண்டாம். நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். பிள்ளையிடம் ‘ஏன் சாப்பிடல?’ என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுங்கள், மருத்துவமனைக்கும் சேர்ந்தே போங்கள்.