ஐந்து மடங்கு நிலம்

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். ஒரு நகரத்தில் ஆண்டுக்கு 1,000 பேரைப் புதைக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை குழிகளுக்கு இடம் வேண்டும்? முதல் ஆண்டு 1,000, பத்தாம் ஆண்டில் 10,000, நூறாம் ஆண்டில் ஒரு லட்சம் என்று மனம் கூட்டிக்கொண்டே போகும். அப்படிப் போனால் உயிரோடு இருப்பவர்களுக்கு நகரத்தில் இடமே மிஞ்சாது. ஆனால் 1804-இல் பிரான்சில் வந்த ஓர் அரசாணை இந்தக் கேள்விக்குச் சொன்ன விடை 5,000 தான். அந்த விடைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று நிதானமாகப் பார்ப்போம்.

அதற்குமுன் பாரிஸ் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரின் நடுவில், லே ஆல் சந்தைக்குப் பக்கத்தில், இன்னொசான் என்ற கல்லறைத் தோட்டம் இருந்தது. பல நூற்றாண்டுகளாக அங்கேதான் புதைத்தார்கள். ஏழைகளுக்குத் தனிக் குழி கிடையாது. பெரிய பள்ளம் ஒன்றை வெட்டி, அது நிரம்பும்வரை திறந்தே வைத்திருப்பார்கள். ஒரே பள்ளத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கிடப்பார்கள். இடம் போதாமல் போனால் பழைய பள்ளத்தைத் தோண்டி, எலும்புகளை எடுத்துச் சுற்றுமண்டபத்தின் பரணில் அடுக்குவார்கள். 1780-இல் பக்கத்து வீட்டின் நிலவறைச் சுவர் நிரம்பிய பள்ளத்தின் பாரம் தாங்காமல் உடைந்து விழுந்தது. அந்த ஆண்டோடு அங்கே புதைப்பதை நிறுத்தினார்கள். 1786 முதல் எலும்புகளை இரவு நேரங்களில் வண்டியில் ஏற்றி, நகரின் தெற்கே கைவிடப்பட்டிருந்த சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குக் கொண்டுபோனார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று பார்க்கும் பாரிஸ் நிலத்தடி எலும்புக் கிடங்கு அதுதான்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிப்போம். இன்னொசானில் என்ன தவறு நடந்தது? புதைத்த இடத்திலேயே திரும்பத் திரும்பப் புதைத்ததுதான் தவறு என்று நமக்குத் தோன்றும். உண்மையில் மண்ணுக்கு வேலை செய்ய அவகாசமும் காற்றும் கொடுக்காததுதான் தவறு. உடலை மண்ணாக்குபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கு ஈரமும் காற்றும் அளவோடு வேண்டும். நூற்றுக்கணக்கான உடல்களை நெருக்கிப் போட்டால் காற்று புகாது. உடல் மட்குவதற்குப் பதிலாக அதிலுள்ள கொழுப்பு இறுகி மெழுகு போன்ற பொருளாகிவிடும். இன்னொசானைத் தோண்டியபோது அப்படிப்பட்ட உடல்கள் நிறையவே கிடைத்தன. அந்தப் பொருளை முறையாக ஆராய்ந்து எழுதியவர் வேதியியலாளர் ஃபூர்க்ருவா.

1804-இன் அரசாணை இந்தப் பாடத்தைச் சட்டமாக்கியது. ஊர் எல்லைக்குள் புதைக்கக்கூடாது. ஒவ்வோர் உடலுக்கும் தனிக் குழி வேண்டும். குழியின் ஆழம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். பக்கவாட்டில் குழிக்கும் குழிக்கும் இடையே 30 முதல் 40 சென்டிமீட்டர். ஒருமுறை மூடிய குழியை ஐந்து ஆண்டுகளுக்குள் மறுபடி திறக்கக்கூடாது. ஆகவே ஓர் ஆண்டுக்குத் தேவையான இடத்தைப்போல ஐந்து மடங்கு நிலம் இருக்க வேண்டும் என்று அந்த ஆணையே கணக்கும் போட்டுக் கொடுத்தது. வீட்டுக் கொல்லையில் ஐந்து பாத்தி வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒரு பாத்தியில் விதைத்து, ஆறாம் ஆண்டு முதல் பாத்திக்குத் திரும்புவதைப் போன்ற சுழற்சி இது. 5,000 குழி என்ற விடை வந்தது இப்படித்தான். களிமண்ணிலும் நீர் தேங்கும் இடத்திலும் ஐந்து ஆண்டு போதாது. அங்கே பாத்திகளைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கல்லறைத் தோட்டத்தின் தோற்றத்தையும் அதே ஆணை தீர்மானித்தது. மேடான இடம், வடகாற்றுக்குத் திறந்த நிலம், இரண்டு மீட்டர் உயரச் சுற்றுச்சுவர், காற்றைத் தடுக்காதபடி நட்ட மரங்கள். கெட்ட காற்றுதான் நோயைப் பரப்புகிறது என்று நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கை பிழை. ஆனாலும் அதனால் நகரங்களுக்குக் கிடைத்த மரங்கள் பெரிய கொடை என்றே நான் நினைக்கிறேன்.

பாரிஸின் கிழக்கே ஒரு குன்றின்மேல் 1804-இல் திறந்த பேர் லாஷேஸ் இப்படி அமைந்த தோட்டம். கட்டடக் கலைஞர் பிரோன்யார் வளைந்து செல்லும் பாதைகளோடு அதைத் திட்டமிட்டார். ஊருக்கு வெளியே வெகு தூரம் என்று தொடக்கத்தில் மக்கள் தயங்கினார்கள். 1817-இல் புகழ்பெற்ற எழுத்தாளர்கள் மோலியேர், லா ஃபோன்தேன் ஆகியோருடையவை என்று நம்பப்பட்ட எச்சங்களை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு பணம் படைத்தவர்கள் போட்டிபோட்டு இடம் வாங்கினார்கள். 1860-இல் நகர எல்லை விரிந்தது. ஊருக்கு வெளியே வைத்த தோட்டம் ஊருக்குள் வந்துவிட்டது. இன்று அங்கே சுமார் 44 ஹெக்டேரில் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. 2020-இல் அங்கே நரிக்குட்டிகளைக் கூடப் பார்த்திருக்கிறார்கள்.

கல்லறை பற்றி ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும் தவறான எண்ணத்துக்கு இப்போது வருவோம். ஒருவரைப் புதைத்த இடம் என்றென்றைக்கும் அவருக்கே என்று நினைக்கிறோம். ஆனால் பாரிஸில் கல்லறை இடம் பெரும்பாலும் குத்தகைதான்: 10 ஆண்டு, 30 ஆண்டு, 50 ஆண்டு. நிலையான உரிமையும் உண்டு, விலை மிக அதிகம். குத்தகை முடிந்தபின் புதுப்பிக்கக் குடும்பத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம். யாரும் வராவிட்டால் இடம் நகராட்சிக்குத் திரும்பும். நிலையான உரிமைகூட, கவனிப்பாரற்றுப் பாழடைந்தால், உரிய அறிவிப்புக்குப் பின் பறிபோகலாம். எடுத்த எலும்புகளைத் தூக்கி எறிவதில்லை. அதற்கென்று உள்ள எலும்பு மண்டபத்தில் சேர்க்கிறார்கள், பெயரைப் பதிவேட்டில் எழுதிவைக்கிறார்கள். 2025-இல் பாரிஸ் நகராட்சி, கைவிடப்பட்ட 30 பழைய நினைவுச் சின்னங்களைக் குலுக்கல் முறையில் விற்க முன்வந்தது. வாங்குபவர் அதைச் செப்பனிட வேண்டும். பதிலுக்கு அருகிலேயே தனக்கு ஓர் இடம் பெறலாம்.

இதைக் கேட்டதும் சிலருக்கு மனம் கலங்கும். எனக்கு இதில் அவமதிப்பு தெரியவில்லை. ஐம்பது ஆண்டுகளாக யாரும் எட்டிப் பார்க்காமல், கல் சரிந்து முள் மண்டிக் கிடக்கும் கல்லறையைக் கண்டால்தான் எனக்கு வருத்தம்.

சிங்கப்பூர் இன்னும் கறாரானது. 1998 முதல் அங்கே புதைப்பதற்கு 15 ஆண்டு வரம்பு. அது முடிந்ததும் தோண்டி எடுக்கிறார்கள். முஸ்லிம்களைப் போல மதக் கடமையாகப் புதைப்பவர்களின் எச்சங்களைச் சிறிய இடத்தில் மறுபடி அடக்கம் செய்கிறார்கள். மற்றவர்களுடையவற்றை எரித்துச் சாம்பலை மாடங்களில் வைக்கிறார்கள். இதுவரை எனக்கு உடன்பாடுதான். ஆனால் அதே நகரம் பிடாதரி போன்ற பழைய இடுகாட்டை முழுவதுமாகத் தோண்டி எடுத்து அடுக்குமாடி வீடுகள் கட்டியிருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருந்த இடம் அது. இந்துக்களுக்கும் அங்கே தனிப் பகுதி இருந்தது. இப்போது ஒரு சிறு நினைவுப் பூங்காவும் எடுத்துவைத்த சில கல்லறைக் கற்களும் மிஞ்சியிருக்கின்றன. வீட்டுத் தேவை உண்மையானதுதான். ஆனால் குழிகளைச் சுழற்றுவது வேறு, தோட்டத்தையே இழப்பது வேறு. இரண்டாவதற்குப் போகுமுன் முதலாவதை முழுமையாகச் செய்து பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே உங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டது, ஊருக்கு வெளியே புது நிலம் வேண்டும் என்று செய்தி வந்தால், உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். அங்கே மண் எப்படிப்பட்டது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை குழியைத் திறக்கிறார்கள், எடுத்த எலும்புகள் எங்கே போகின்றன, பெயர்ப் பதிவேடு யாரிடம் இருக்கிறது என்று பொறுப்பில் உள்ளவர்களைக் கேளுங்கள்.