மன்னிப்புக்கு எட்டாத பாவம் உண்டா?



சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டைக்கு அருகே உள்ளது நமது புதுவாயல். இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு மாறும் நேரமெல்லாம் ஆட்கள் போய் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஞாயிறு ஷிப்டு இருப்பதால் திருப்பலிக்கு வர முடியாதவர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஆனால் நேரம் இருந்தும் வராதவர்களும் உண்டு. வந்தாலும் கடைசி வரிசையில் நின்று, நற்கருணை வாங்காமலே திரும்பிவிடுகிறார்கள். காரணம் கேட்டால், "நான் செய்ததற்கு மன்னிப்பே கிடையாது" என்பார்கள். கருவைக் கலைத்த வேதனையாக இருக்கலாம். குடிபோதையில் மனைவியை அடித்த குற்றமாக இருக்கலாம். பிறர் பணத்தை ஏமாற்றிய உறுத்தலாக இருக்கலாம். இவர்களுக்குத் திருச்சபை என்ன சொல்கிறது?

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சாட்சியம் உண்டு. கேரளத்தின் புல்லுவழியில் பிறந்த அருள்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தின் உதயநகரில் ஏழை மக்களிடையே பணியாற்றினார். வட்டிக்குக் கடன் கொடுத்து மக்களைச் சுரண்டியவர்களின் பிடியிலிருந்து அவர்கள் விடுபட உதவினார். இது சிலருக்குப் பிடிக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூர் செல்லும் பேருந்தில் சமுந்தர் சிங் என்பவர் அவரைப் பயணிகளின் கண்முன்னே கத்தியால் பலமுறை குத்திக் கொன்றார். அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

சிறையில் அவர் உள்ளம் உடைந்து கிடந்தபோது, சுவாமி சதானந்த் என்ற குரு அவரைத் தேடிச் சென்றார். 2002-ஆம் ஆண்டு ரக்ஷா பந்தன் நாளில், கொல்லப்பட்டவரின் உடன்பிறந்த தங்கை அருள்சகோதரி செல்மி பவுல் சிறைக்கே போய், கொலைகாரரின் கையில் ராக்கி கட்டி அவரைத் தம் சகோதரராக ஏற்றுக்கொண்டார். அவரது விடுதலைக்காக அந்தக் குடும்பமே பரிந்து பேசியது. 2006-இல் வெளியே வந்த சமுந்தர் சிங், புல்லுவழிக்குச் சென்று அந்தத் தாயின் முன் நின்றார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டபோது அவரும் அங்கே இருந்தார்.

இந்த நிகழ்வு நமக்குச் சில உண்மைகளைக் கற்பிக்கிறது.

முதலாவது, இரக்கம் பாவத்தை மூடி மறைப்பதில்லை. செய்தது கொலை என்பதை யாரும் மறுக்கவில்லை. சமுந்தர் சிங் 11 ஆண்டுகள் சிறையில் இருந்தார். மன்னிப்பு கிடைத்ததும் அவரது சிறைக்கதவு உடனே திறந்துவிடவில்லை. ஆனால் அவரது உள்ளத்தின் கதவு திறந்தது.

இரண்டாவது, மனம் வருந்துவது வேறு, மனம் உடைந்து நம்பிக்கை இழப்பது வேறு. பேதுரு ஆண்டவரை மறுதலித்தார், யூதாசு காட்டிக்கொடுத்தார். இருவருமே வருந்தினார்கள். யூதாசு முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தார். ஆனால் பேதுரு அழுதுகொண்டே ஆண்டவரிடம் திரும்பினார். யூதாசு தம் இருளுக்குள்ளேயே திரும்பினார். தம் பாவம் கடவுளின் இரக்கத்தைவிடப் பெரிது என்று எண்ணுவது தாழ்ச்சி அல்ல, அது சோதனை.

மூன்றாவது, மனமாற்றத்துக்கு வழிமுறை உண்டு. கனமான காரியம், முழு அறிவு, முழு சம்மதம் ஆகிய மூன்றும் சேரும்போதே அது சாவான பாவம் என்று திருச்சபை கற்பிக்கிறது. பயத்தாலோ பிறர் வற்புறுத்தலாலோ நடந்தவற்றில் பொறுப்பு குறையலாம். எனவே தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளாமல் குருவிடம் செல்வதே நல்லது. நம் பாட்டிமார் மனப்பாடமாகச் சொல்லிவந்த ஐந்து காரியங்கள் இன்றும் மாறவில்லை: பாவங்களை நினைவுகூர்தல், மனத்துயர் கொள்ளுதல், இனிச் செய்வதில்லை எனத் தீர்மானித்தல், குருவிடம் அறிக்கையிடுதல், பாவத்துக்குப் பரிகாரம் செய்தல். நாம் சொல்வதைக் குரு எக்காரணத்துக்காகவும் யாரிடமும் வெளியிட முடியாது. பங்குத்தந்தையிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் பழவேற்காடு மகிமை மாதா திருத்தலத்திலோ, சாந்தோமிலோ, வேறு எந்தக் குருவிடமோ சொல்லலாம். கருக்கலைப்புப் பாவத்துக்கும் பாவமன்னிப்பு வழங்கும் அதிகாரத்தை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், இரக்கத்தின் யூபிலி ஆண்டு முடிந்த 2016 நவம்பரில் எல்லாக் குருக்களுக்கும் நிலையாக விரிவாக்கினார்.

நான்காவது, பரிகாரம் என்பது சில செபங்களோடு முடிந்துவிடுவதில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கெடுத்த நற்பெயரைச் சரிசெய்ய வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளியின் கூலியைப் பிடித்து வைத்திருப்பவர், அதைக் கொடுக்காமல் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வந்து பயனில்லை. வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் கூலியை மறுப்பதும் ஒன்று. மனைவியை அடித்தவர் கண்ணீர் விட்டால் மட்டும் போதாது. குடியை விட உதவி தேட வேண்டும். அவள் பாதுகாப்பாக வாழ வழிவிட வேண்டும்.

காயப்பட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. செல்மி சகோதரி மன்னித்தது ஒரே நாளில் அல்ல, ஏழாண்டுகள் கழித்தே ராக்கி கட்டினார். மன்னிப்பு அருளால் வருவது. அதை யாரிடமும் வற்புறுத்திப் பெற முடியாது. மன்னிக்க மனம் வரவில்லையென்றால், மன்னிக்கும் மனதைக் கேட்டுச் செபிப்பதே முதல் படி.

ஆகவே கடைசி வரிசையில் நிற்கும் சகோதரனே, சகோதரியே! ஊதாரி மகன் தன் மன்னிப்புப் பேச்சை முடிக்கும் முன்பே தந்தை அவனைக் கட்டித் தழுவினார். ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் வழியில் கோயில் வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். வரும் சனிக்கிழமை குருவைத் தேடிச் செல்லுங்கள். நாமும் அவர்களைப் பார்த்து முணுமுணுக்கும் மூத்த மகனாக இராமல், வழிவிட்டு வரவேற்கும் உறவுகளாக இருப்போம்.

இரக்கமுள்ள இறைவா, எங்கள் பாவத்தை உணரும் நேர்மையையும், உம்மிடம் திரும்பி வரும் துணிவையும், திரும்பி வருவோரை ஏற்கும் மனதையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.