காத்துக்கு ஏதுடா கனம்?

பாசிக்குடாவில் ஹோட்டல் வேலைக்குப் போயிருக்கும் தம்பி ஒருவன் ஆடித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தான். பசறை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் ஃபோனை நீட்டி, தான் கடலுக்குள் இறங்கிய வீடியோவைக் காட்டினான். முதுகில் சிலிண்டர், வாயில் குழாய், சுற்றிலும் மஞ்சள் மீன்கள். பிளேன்டீ ஆறிக்கொண்டிருக்க, கேள்விகள் வந்து விழத் தொடங்கின.

“சிலிண்டரு பதினாலு கிலோங்குற. உள்ள வெறுங் காத்துதானே? காத்துக்கு ஏதுடா கனம்?” என்றார், ஆயுசு முழுக்கக் கொழுந்தெடுத்த அம்மாயி ஒருவர். கடையே சிரித்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு நல்ல கேள்வி என் வகுப்பில் எப்போதாவதுதான் வரும்.

காற்றுக்குக் கனம் உண்டு. வழக்கமான அலுமினிய சிலிண்டரின் உள்ளளவு 11 லீற்றர்தான். ஆனால் அதற்குள் 200 மடங்கு அழுத்தத்தில் ஏறக்குறைய 2,200 லீற்றர் காற்றைத் திணித்து வைக்கிறார்கள். ஒரு லீற்றர் காற்று 1.2 கிராம். கணக்குப் போட்டால் காற்று மட்டும் இரண்டரைக் கிலோவைத் தாண்டும். முக்குளித்து முடிக்கும்போது அதில் பெரும்பகுதி மூச்சாகிப் போயிருக்கும். ஆள் சுமார் இரண்டு கிலோ குறைந்து, தானாக மேலே மிதக்கப் பார்ப்பான். அதற்கும் சேர்த்துத்தான் இடுப்பில் ஈயக்கட்டி கட்டுகிறார்கள். கூடையில் இரண்டு கிலோ கொழுந்து கூடினாலும் குறைந்தாலும் முதுகுக்குத் தெரியும் என்பதால், அம்மாயிக்கு இது உடனே பிடிபட்டது.

“ஆக்சிஜன் தீந்துட்டா என்னடா பண்ணுவ?” என்றது இன்னொரு குரல். சிலிண்டரில் இருப்பது தனி ஆக்சிஜன் இல்லை. நாம் இந்தக் கடையில் சுவாசிக்கும் அதே காற்று, 21 சதவீத ஆக்சிஜனோடு. தனி ஆக்சிஜனை அடைத்துக்கொண்டு 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு. சுற்றிலும் தண்ணீர் இருக்கையில் தாகம் எடுக்குமா என்றும் ஒருவர் கேட்டார். எடுக்கும். ஈரத்தை நீக்கிவிட்டுத்தான் காற்றை அடைக்கிறார்கள், ஒவ்வொரு மூச்சும் தொண்டையை உலர்த்தும்.

கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். “நான் ஒரு நிமிஷம் மூச்சைப் புடிப்பேன். எனக்கெல்லாம் பாதி சிலிண்டர் போதும்.”

நான் பயப்படும் பேச்சு இதுதான். சிலிண்டர் போட்டவன் மூச்சைப் பிடிக்கவே கூடாது. கடையில் தொங்கிய சிப்ஸ் பைக்கற்றைக் காட்டினேன். கீழே மட்டக்களப்பில் தளர்ந்து கிடக்கும் பைக்கற் இங்கே வந்ததும் பலூன் மாதிரி உப்பி நிற்கிறதே, ஏன்? வெளியே அழுத்தம் குறைந்ததால் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும்.

“ஆழத்துக்குப் போனா தண்ணி போட்ட மாதிரி இருக்குமாமே?” இதற்குத்தான் சிரிப்பு அதிகம். ஆனால் இது மெய். சுமார் 30 மீட்டரைத் தாண்டினால் காற்றிலுள்ள நைட்ரஜனே மூளையை மயக்கும். போகிற மீனுக்குக் காற்று வேண்டுமோ என்று இரங்கி வாய்க்குழாயைக் கழற்றிக் கொடுத்துவிடக்கூடிய போதை அது என்று, நீருக்கடி மூச்சுக்கருவியை 1943இல் உருவாக்கிய இருவரில் ஒருவரான குஸ்தோ எழுதியிருக்கிறார். மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் கப்பல் 50 மீட்டருக்கும் கீழேதான் கிடக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் தனிப் பயிற்சி எடுத்துக்கொண்டு போவது இதனால்தான்.

அதுவரை பேசாமல் இருந்த பஸ் கண்டக்டர் வாய் திறந்தார். “செங்கலடியிலருந்து மேல வரப்ப எனக்குக் காது அடைக்குது. இவனுக்குக் கீழ போறப்ப அடைக்குதாம். அப்ப கடலுக்கடியிலருந்து பசறை வரைக்கும் ஒரே ஏத்தம்தானே?”

மறுபடியும் சிரிப்பு. நான் தம்பியின் பக்கம் திரும்பினேன். தண்ணீரிலிருந்து எப்போது வெளியே வந்தாய், எப்போது பஸ் ஏறினாய்?

“காலைல பத்து மணிக்கு வெளிய வந்தேன். மதியம் பஸ். பிளேன்லதான் போகக் கூடாதுன்னு சொன்னாங்க சார். நான் பஸ்லதானே வந்தேன்?”

கண்டக்டர் சொன்னதுதான் சரி. ஆழத்தில் அழுத்தத்தோடு இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜன் உடம்பைவிட்டு வெளியேற மணிக்கணக்காகும். அதற்குள் உயரத்துக்குப் போனால், சிப்ஸ் பைக்கற் உப்புவதுபோல் உடம்புக்குள் குமிழிகள் உண்டாகிப் பெருக்கும். மூட்டுவலி வரலாம், முதுகுத்தண்டைத் தாக்கினால் கைகால் விழுந்துபோகலாம். பிளேனோ பஸ்ஸோ, உடம்பு அறிவது அழுத்தத்தை மட்டும்தான். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு விமானப் பயணத்துக்குச் சொல்லும் வழிகாட்டுதல், சுமார் 600 மீட்டர் உயரத்திலிருந்தே தொடங்குகிறது: ஒரே ஒரு சாதாரண முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். பதுளை நகரமே ஏறக்குறைய 680 மீட்டரில் இருக்கிறது. பிபிலையைத் தாண்டி லுணுகலைக்கு ஏறும் நம் பஸ்ஸுக்கும் இது அப்படியே பொருந்தும்.

தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கியது ஒரே தடவை, ஆழமும் கொஞ்சம்தான். ஆனாலும் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். கிழக்குக் கரைக்கு வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள் எத்தனை பேரிடம் இதை யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. கடையில் இருந்தவர்களிடம் அந்த மணிக்கணக்கை இன்னொரு முறை சொன்னேன்.

அம்மாயி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அடுத்த ஆடிக்கு வரதுன்னா, குளியல் கிளியல் எல்லாத்தையும் முந்தின நாளே முடிச்சிரு. ராத்திரி அங்கேயே படுத்துத் தூங்கிட்டு, விடிஞ்சு பஸ் ஏறு.”