முதலில் ஸ்டூலைப் பார்ப்பவர்

"பிசியோதெரபிஸ்ட் என்றால் கரண்ட் வைக்கிறவர்தானே? கம்பெனியில் அவருக்கு என்ன வேலை?" திருப்பூரில் பத்துப் பதினைந்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறவர்கள் பலர் இப்படித்தான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லி முடிகிற பதில் இல்லை.

அந்த டீ கிளாஸைக் கையை நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டே இருங்கள். கிளாஸ் என்ன பெரிய கனம்? ஆனாலும் கொஞ்ச நேரத்தில் தோள் கடுக்கும். அசைந்து வேலை செய்யும் தசை இறுகும், தளரும். ரத்தம் உள்ளே போய் வரும். இறுகியே நின்றால் உள்ளிருக்கும் சின்ன ரத்தக் குழாய்கள் அழுந்தி, போகிற ரத்தம் குறைகிறது. ஓவர்லாக் மெஷின் மேல் குனிந்திருக்கும் டெய்லரின் பிடரிக்கு நடப்பது இதுதான். ஏறக்குறைய 5 கிலோ தலையை, முன்னால் சாய்ந்தபடி, நாள் முழுக்க அது தாங்கிப் பிடிக்கிறது. மூட்டை தூக்குகிறவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. தைக்கிறவர் கழுத்து வலி என்றால் மட்டும் "உட்கார்ந்துதானே இருக்கிறாய்" என்கிறோம்.

கிளினிக்குக்குப் போனால் ஒத்தடம், கரண்ட், சில பயிற்சிகள். வலி தணியும். திங்கட்கிழமை மறுபடி அதே ஸ்டூல். அதனால் வேலை நடக்கும் இடத்துக்கே வரும் பிசியோதெரபிஸ்ட் முதலில் ஆளைத் தொடமாட்டார். ஓரமாக நின்று வேலையைப் பார்ப்பார். குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் ஒரே உயரத்தில், முதுகு சாய இடமில்லாத ஸ்டூல். பெடல் தள்ளியிருந்தால் ஆள் ஸ்டூலின் விளிம்புக்கு நகர்ந்து முதுகு வளைந்துவிடும். துணிக்கட்டு தரையில் கிடந்தால் எடுக்கிற ஒவ்வொரு முறையும் குனிந்து திரும்ப வேண்டும். துணிக்கட்டை மேஜை உயரத்துக்கு ஏற்றினால் அந்தக் குனிவே கிடையாது. வெளிச்சம் போதாத இடத்தில் ஊசியைப் பார்க்கக் கழுத்து தானாக இறங்கும். கழுத்து வலிக்கு அவர் எழுதிக் கொடுப்பது ஒரு எல்.இ.டி. விளக்காகவும் இருக்கலாம்.

இனிமேல்தான் கஷ்டமான இடம். "அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்" என்று யாரும் சொல்லிவிடலாம். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு எழுந்து நடக்கும் இரண்டு நிமிடமும் காசு. ஒன்றரை ஷிப்டு ஓடும் நாட்களில் சுவரில் ஒட்டிய பயிற்சிப் படத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஆகவே விவரம் தெரிந்தவர் டெய்லரோடு நிறுத்தாமல் முதலாளியிடமும் பேசுவார்: எழுந்து நிற்கும் நேரத்தை ரேட்டிலேயே சேர்க்க முடியுமா, இடுப்பு வலியில் லீவு போட்டவரைக் கொஞ்ச நாள் அரை ஷிப்டுக்கு வரச் சொல்லலாமா? பூரண ஓய்வு என்று படுக்க வைப்பதைவிட, முடிந்த அளவு நடமாட வைத்தால் சாதாரண முதுகு வலி சீக்கிரம் குணமாகும் என்பது இன்றைய மருத்துவத்தின் நிலைப்பாடு. என்னைக் கேட்டால், இந்தப் பேச்சுதான் அவர் வேலையில் பாதி.

நெருடலும் உண்டு. சம்பளம் கொடுப்பது கம்பெனி, நம்பிச் சொல்வது தொழிலாளி. யாருக்கு என்ன வலி என்று பெயர்ப்பட்டியல் ஆபீசுக்குப் போனால் அடுத்த முறை ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். எந்த வேலையில் வலி அதிகம் என்பது மட்டும் போனால் போதும். இடுப்பு வலியோடு சிறுநீரை அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, காரணமில்லாமல் எடை குறைவது போன்றவை தெரிந்தால், பயிற்சி சொல்லிக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் அனுப்புவதும் அவர் பொறுப்பு.

சட்டத்தின் துணையும் கொஞ்சம் வந்திருக்கிறது. ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கிறவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தின. இருக்கை போட்டிருக்கும், கடையில் ஆள் இருக்கும்போது உட்கார விடுகிறார்களா என்பது வேறு சங்கதி.

கம்பெனியை விட்டு வீட்டுக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரையோடு பிசியோதெரபிஸ்ட்டும் வீடு தேடி வருகிறார். பக்கவாதம் வந்த அம்மா படுத்திருக்கும் வீட்டில் அவர் கண் போகிற இடங்கள்: கட்டிலின் உயரம், வாசற்படி, கழிப்பறைக்குப் போகும் வழி. வந்து போகிற சிறிது நேரத்தில் அம்மாவின் கையை மடக்கி நீட்டுவது மட்டும் போதாது. மற்ற நாளெல்லாம் பார்த்துக்கொள்ளப் போவது மகள். அதனால் பாடம் மகளுக்கும்தான். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தளர்ந்த தோள் மூட்டு நழுவிவிடும். அம்மாவைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தி, பாதம் இரண்டும் தரையில் பட உட்காரவைத்து, முன்னால் சாயச் சொல்ல வேண்டும். மகள் தன் முழங்காலை மடக்கி நெருங்கி நின்று, அம்மாவின் இடுப்பைப் பிடித்து எழுப்ப வேண்டும். தள்ளி நின்று குனிந்து தூக்கினால் மகளின் முதுகு பிடித்துக்கொள்ளும். பகலில் கம்பெனியில் தைக்கிற மகள் என்றால், ஸ்டூல் எப்படி என்பதையும் அவர் அங்கேயே விசாரித்துவிடுவது நல்லது.